அண்ணன் பேரில் பறந்த பருந்து

என் நாத்தனாருக்குப் பொய் பிடிக்கும். அரைகுறைப் பொய்யைத்தான் அவளால் தாங்கிக்கொள்ளவே முடியாது.

நான் கல்யாணமாகி மலாக்காவில் காஜா பெராங் பகுதி வீட்டுக்கு வந்த புதிதில், புதுப்பெண்ணுக்கு மரியாதை என்று டவுனில் படம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தங்கை. ஏதோ சாமிப் படம். ஆகாயத்திலிருந்து முனிவர் ஒருவர் மெதுவாக இறங்கி வந்தார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அப்போது கொட்டகை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்.

"கயிறு தெரியுது! இங்கிருந்தே கயிறு தெரியுது!"

எல்லாத் தலையும் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பின. முன் பெஞ்சுகளிலிருந்து விசில் பறந்தது. அவள் உட்காரவில்லை. "சாமியாரக் கட்டித் தொங்க விட்டீங்க, சரி. அந்தக் கயித்துக்குக் கொஞ்சம் மை தடவ ஒருத்தனுக்கும் கை வரலையா?" என்று திரையைப் பார்த்தே சண்டை போட்டாள். என் வீட்டுக்காரர் தங்கையை அடக்கவில்லை. புதுப்பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் படத்தின் மீதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் என்னை "அண்ணி, நீங்க" என்பாள். நான் அவளை "நீ" என்பேன். நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போவதாவது என்று தெருவில் எங்களைக் கேலி செய்வார்கள். ஒத்துப்போனோம். அதிலும் சிலருக்கு எரிச்சல்.

படம் பார்க்கப் போனால் மற்றவர்கள் நடிகர் பெயர் வரும்போது கைதட்டுவார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். "தந்திரக் காட்சி" என்று ஒரு வரி வரும், கண்ணிமைத்தால் போய்விடும். அந்த வரிக்குத்தான் கைதட்டுவாள்.

"அண்ணி, எனக்கு அந்த வேலைதான் வேணும்."

"எந்த வேல?"

"இல்லாதத இருக்கற மாதிரி காட்டற வேல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. சின்ன வயதில் மலாய் நாடகக் கம்பெனிக்காரர்கள் திடலில் கூடாரம் போடுவார்களாம். ராஜகுமாரன் புலியாக மாறுவானாம். பிள்ளைகள் எல்லாம் முன்னால் உட்கார்ந்து வாயைப் பிளக்க, இவள் மட்டும் பக்கத்துக் கித்தானைத் தூக்கிக்கொண்டு, புலித்தோலை எவன் எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பாளாம். அப்போது பிடித்தது, அப்புறம் விடவே இல்லை.

எங்கள் அடுத்த வீட்டில் சிட்டி சமூகத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். மரியாதைக்குப் பீபி என்று கூப்பிடுவோம். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். ஒரு சாயங்காலம் பீபி எங்கள் கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டு, "ஆப்பி! ஆப்பி! ரூமா தெர்பாக்கார்!" என்று அலறிக்கொண்டே வாளித் தண்ணீரோடு வேலியைத் தாண்டி வந்து ஊற்றினார். வீடு எரிகிறது என்று நானும் அடுப்பை விட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், அட்டையில் செய்த முழங்கால் உயர வீடு. சன்னல்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுத் துணிக் கிழிசல்கள். கீழே ஒரு டார்ச் லைட்டு, பக்கத்தில் மேசை விசிறி. நெருப்பே இல்லை. எல்லாம் நனைந்து தொங்கியது. ஒரு மாத வேலை போச்சே, பாப்பா பீபியை என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்குப் பயம்.

அவள் பீபியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எங்கே நின்று பார்த்தீர்கள், எந்த இடத்தில் நம்பினீர்கள் என்று மலாயில் துருவித் துருவிக் கேட்டாள். பாவம் பீபி, திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாளியோடு நின்றார்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை செமாபோக் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். கேசரி நான் கிண்டியது. மாமியார் வழக்கம்போல, "எல்லாம் பொண்ணு கைப் பக்குவம்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்காமல், "ஒரு டம்ளர் ரவைக்குச் சீனி எவ்ளோம்மா போட்ட?" என்று கேட்டார். பாப்பா தன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, பொய் சொல்றதுன்னா முன்னாடியே எங்கிட்ட அளவு சொல்லி வச்சிருக்கக் கூடாதா? இப்ப நான் என்னான்னு சொல்றது?"

வந்தவர்கள் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். அடுத்து வந்தவர்களும் அதே கதை. அப்புறம் யாரும் வரவில்லை. அவளுக்கு வாய்த்துடுக்கு என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். அது வாய்த்துடுக்கு இல்லை. பொய்யைக்கூட வேலை மாதிரி ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் அந்த எண்ணம் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரரை இன்றைக்கும் ஜாலான் பெண்டஹாரா தெருவில் பழைய ஆட்கள் "சினிமாக்காரரே" என்று கூப்பிடுகிறார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலையில் கொதிக்கும். அது எப்படி வந்த பெயர் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த சமயம். டவுன் முழுக்கத் தோரணம், கொடி. கடலோரத் திடலில் பெரிய கண்காட்சி. எங்கள் பக்கத்து வாலிபர் சங்கமும் ஒரு கொட்டகை போடுவதாக இருந்தது. என்ன வைப்பது என்று அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பாப்பாதான் சொன்னாள். திடலிலிருந்து பார்த்தால் எதிரே மலையடிவாரத்தில் பழைய கோட்டை வாசல் தெரியும். வாசல் மட்டும்தான் மிச்சம், கோட்டையை எப்போதோ இடித்துவிட்டார்கள். "அந்தக் கோட்டைய நான் முழுசா காட்டறேன்" என்றாள்.

முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மறுபக்கம் தெரியும் பெரிய கண்ணாடி ஒன்று வேண்டும் என்றாள். என் சீர் அலமாரியின் கண்ணாடிக் கதவை நானே கழற்றிக் கொடுத்தேன். மாமியார் அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தக் கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் ஒரு கண் வைக்கும் அளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியாகப் பார்த்தால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கும், நிஜ வாசல் தெரியும். மேலேயும் பக்கத்திலும் கண்ணாடி மேல் இவள் வரைந்த மதிலும் கொத்தளமும் பீரங்கியும், அந்த வாசலோடு ஒரு மயிரிழை விலகாமல் ஒட்டிக்கொள்ளும். வாசலுக்குள் ஆட்கள் நடந்து போவார்கள். நிஜ ஆட்கள், இல்லாத கோட்டைக்குள். பார்த்தவர்கள் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள், மறுபடி குனிந்து பார்ப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அவளுக்கு அதிலும் திருப்தி இல்லை. காலை வெயிலுக்குப் போட்ட நிழல் சாயங்காலத்துக்குப் பொய்யாகிவிடும் என்று, மத்தியானத்துக்கு மேல் கண்ணாடிக்குக் கீழே குந்திக்கொண்டு நிழலை அழித்து அழித்து மறுபக்கம் போடுவாள். கூட்டம் அலைமோதும். அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பாள்.

கண்காட்சிக்கு முன்னால் சங்கச் செயலாளர் நோட்டீஸ் விஷயமாக வீட்டுக்கு வந்தார். கோப்பி குடித்துக்கொண்டே மாமியாரிடம் சொன்னார்.

"நோட்டீசுல பேரு போடணும்மா. தங்கச்சி பேரப் போட்டா நல்லாருக்காது. கல்யாணம் ஆவாத பொண்ணு. நாளைக்கே அந்த நோட்டீசு கச்சாங் பூத்தே கடல மடிக்கப் போவும். கண்டவன் கையில, காலுல..."

"ஐயோ, வேணவே வேணாம்ப்பா. அண்ணன் பேரப் போட்டுரு" என்றார் மாமியார்.

வர்ணம் குழைத்துக்கொண்டிருந்த பாப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை. "யாரு பேரையோ போட்டுக்கங்க. ஒத்தக் கண்ணாலதான் பாக்கணும்னு பெருசா போடுங்க. ரெண்டு கண்ணையும் வச்சிப் பாத்தா ஒட்டாது" என்றாள்.

அப்படித்தான் அச்சாயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பெண்ணுக்கு மரியாதை என்றுதான் செய்தார்கள். ஊரில் எந்த விசேஷ நோட்டீசை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். கோலம் போட்டவள், மாலை கட்டியவள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் எல்லாருக்கும் ஒரு அண்ணனோ அப்பாவோ பெயர் கொடுத்திருப்பார். அந்த மரியாதையை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

கண்காட்சியின்போது சிங்கப்பூர் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். சென்னையிலிருந்து வந்து அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர். மலாய்ச் சரித்திரப் படம் ஒன்றுக்கு இடம் பார்க்க மலாக்கா வந்திருக்கிறார். ஓட்டையில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அப்புறம் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார். அங்கே பாப்பா குந்தியிருந்தாள், கை முழுக்கச் சாம்பல் வர்ணம்.

"கொஞ்சம் நகரும்மா, மறைக்குது" என்றார்.

அவள் நகர்ந்தாள்.

"யாருய்யா பண்ணது இது?"

செயலாளர் நோட்டீசை நீட்டி, என் வீட்டுக்காரரின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்தார், நோட்டீசைப் பார்த்தார், அந்த மனிதரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

"ஏதோ, நம்மால முடிஞ்சது சார்."

பாப்பா முகத்தில் கோபமே இல்லை. அண்ணன் முதலில் பேச்சை ஆரம்பித்துவிட்டு அப்புறம் தன்னைக் காட்டுவான் என்று நிழலைப் போட்டபடியே காத்திருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டே கோப்பிக் கடைப் பக்கம் போனார்கள். அவள் காத்திருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சு எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஸ்டுடியோவில் தந்திரக் காட்சிப் பிரிவில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. பேனா பிடிக்கத் தெரியும், தூரிகை பிடிக்கத் தெரியாது.

"நீங்க போயி என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பாப்பா இங்க வரஞ்சி குடுப்பா. நான் எடுத்துட்டுப் போவேன். நான் போனா அவ போன மாதிரிதான லா."

"அவளையே கூட்டிட்டுப் போங்க."

"ஒனக்கு அறிவிருக்கா? அத்தன ஆம்பளைங்க நடுவுல, சிங்கப்பூருல, ஒரு பொம்பளப் புள்ள? நாளைக்கு எவன் கட்டுவான்?"

"இப்ப மட்டும் எவன் கட்ட வந்து வாசல்ல நிக்கறான்?" என்றேன். மாமியார் என்னை முறைத்தார். பிறகு மகள் தலையைத் தடவி, "அண்ணன் நல்லா இருந்தா ஒனக்குத்தானம்மா நல்லது" என்றார். பூசி மெழுகுவதற்கு எங்கள் வீட்டில் ஆள் பஞ்சமே கிடையாது.

பாப்பா ஒன்றுதான் கேட்டாள். "நான் வரையறது ஓடும்போது நான் பாக்கணும். கூட்டிட்டுப் போவியா அண்ணே?"

"கண்டிப்பா" என்றார்.

போனார். மாதத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் வருவார், என்ன வேண்டும் என்று சொல்வார், பிஸ்கட் டின்னில் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போவார். முதலில் மின்னல், புயல், கப்பல் என்று சில்லறை வேலைகள். எல்லாம் நன்றாக வந்தன என்று சொன்னார். எப்போ என்னைக் கூட்டிட்டுப் போவே என்று இவள் கேட்பாள். அடுத்த மாசம் என்பார்.

அப்புறம் பெரிய வேலை வந்தது. படத்தின் ஆரம்பத்தில் ஒரு பருந்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, ஊர் மேல் வட்டமிட்டு, கடைசியில் ஒரு பாய்மரக் கப்பலாக மாற வேண்டும். எல்லாமே வரைபடம். தாள் தாளாக வரைந்து, ஒவ்வொன்றையும் காமிராவுக்குக் கீழே வைத்துப் படம் பிடித்தால், ஓட்டிப் பார்க்கும்போது பறக்கும்.

பாப்பா பாசாருக்குப் போவாள், மீன் வாங்க மாட்டாள். ஆற்றோரத்தில் மீன் குடலுக்கு வட்டமிடும் பருந்துகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். மீன்காரர்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூடத்தில் நடப்பாள். தோள் முதலில் தூக்குகிறதா, முழங்கை முதலில் தூக்குகிறதா என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்வாள். சன்னல் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளை வைத்து, வெயில் ஊடுருவும் வெளிச்சத்தில் கீழ்த்தாளைப் பார்த்து மேல்தாளில் இறக்கையை ஒரு நூலளவு நகர்த்தி வரைவாள். மழை பெய்தால் வேலை நின்றுவிடும், வானத்தைத் திட்டுவாள். மாமியார் மகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டார். தாள் அடுக்கு ஏறிக்கொண்டே போனது. வரைந்த தாள்களை அவள் ஓரத்தைப் பிடித்துச் சர்ரென்று விடுவாள், பருந்து பறக்கும். நிஜமாகப் பறக்கும். எத்தனையோ தடவை அப்படி விடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

தாள்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. சிங்கப்பூரில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு நானும் அவளும் பஸ் ஏறினோம். வளைகாப்பு நிஜம்தான், அந்தப் பொய்யை ஒழுங்காகச் செய்திருந்தேன். பாப்பாவே பாராட்டினாள்.

ஸ்டுடியோ வாசலில் ஜாகாக்காரர் தடுத்தார். அண்ணன் பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டார். அண்ணன் பெயருக்கு அங்கே கதவு திறந்தது. இருட்டான ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள். திரையில் ஏதோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காட்சிக்கு வந்த அதே ஸ்டுடியோக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கோப்பிக் கோப்பையோடு எழுந்தார். பேயைப் பார்த்த மாதிரி முகம்.

"இங்க என்னாத்துக்கு வந்தீங்க?"

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "தங்கச்சியா? வாம்மா, சரியான நேரத்துலதான் வந்திருக்கே. உன் அண்ணன் பருந்தப் பாரு."

பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கை அணைத்தார்கள். மேகம் வந்தது. பருந்து வந்தது. இறக்கையைத் தூக்கியது, போட்டது. ஆனால் நான் வீட்டில் பார்த்த பருந்து இல்லை. விக்கல் எடுத்த மாதிரி துள்ளித் துள்ளிப் போனது. எனக்கே தெரிந்தது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.

விளக்கு வந்ததும் பாப்பா எழுந்தாள். "பாதித் தாள் எங்க?"

"சும்மா இரு" என்றார் அண்ணன், பல்லுக்கிடையில்.

"பாதித் தாள் எங்கண்ணே? ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டிருக்கியா?"

"ஒவ்வொண்ணா வச்சி எடுக்க எத்தன நாளாவும் தெரியுமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுது! பருந்து நொண்டுது! எறக்கைய நான் ஒரு நூலு ஒரு நூலா நகத்திக் குடுத்தா, நீ பாதிய அள்ளி டின்னுலயே போட்டு வச்சிருக்க? இதுக்கு நீ கோழிய வரஞ்சிருக்கலாம்!"

நானும் வாயைத் திறந்தேன். "சார், கோட்டையும் இவதான் வரஞ்சா, இதுவும் இவதான் வரஞ்சா. அவரு இல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது கிடக்கட்டும்.

ஸ்டுடியோக்காரர் சிரித்தார்.

"தெரியும்மா. வந்த மாசமே தெரியும். உன் வீட்டுக்காரருக்கு ஒரு நேர்கோடு போட வரல. யார் வரைஞ்சா என்ன? எனக்குத் தாள் வந்தா சரி."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். வரைகிறவள் யார் என்று எங்கள் ஊருக்கு ஒரு வார்த்தை கேட்டு அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. வரும் வேலை வந்துகொண்டிருந்ததே. என் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபத்தைவிட எனக்கு இந்தச் சிரிப்பின் மேல் கோபம் அதிகம்.

அவர் அதோடு விடவில்லை. "நீயும் வாயேம்மா. அண்ணனுக்கு உதவின்னு சேர்த்துக்கலாம். அவர் பேர்ல ஆரம்பிச்சது அவர் பேர்லயே இருக்கட்டும். வேலை நீ பாரு."

நான் அவள் கையை இறுக்கினேன். சரி என்று சொல்லடி என்று மனசுக்குள் கத்தினேன். காமிரா அங்கே இருக்கிறது, விளக்குகள் இருக்கின்றன, அவள் பிறந்ததிலிருந்து கேட்ட வேலை கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. பெயர் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

பாப்பா கேட்டாள். "பருந்தத் திரும்ப எடுப்பீங்களா? எல்லாத் தாளையும் வச்சி?"

"படம் வெளியாகணும்மா. ஜனங்க இதெல்லாம் பார்க்க மாட்டாங்க."

"அப்ப வேணாம்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். வாழ்க்கையில் அவளை நான் திட்டியது அந்த ஒரு தடவைதான். உள்ளே போனால் அப்புறம் சண்டை போட்டு எல்லாத் தாளையும் வைக்கச் சொல்லியிருக்கலாம், ஒரு பருந்துக்காக முழு வாழ்க்கையையும் தூக்கிப் போடுவாயா என்று கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அவங்களுக்குப் பருந்து வேணாம் அண்ணி. பருந்துன்னு சொல்லிக்க ஏதோ ஒண்ணு போதும். அதுக்கு அண்ணனே போதும்."

அவள் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

அதோடு அவள் தாள் அனுப்புவதை நிறுத்தினாள். தாள் இல்லாமல் அண்ணனுக்கு அங்கே என்ன வேலை? கொஞ்ச நாளில் பெட்டியோடு திரும்பி வந்தார். ஒரு தனியார் கம்பெனியில் மறுபடி கிராணி ஆனார். "அண்ணன் வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டா" என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அழுதார். சாகும்வரை அதைச் சொன்னார். அந்தப் படம் மலாக்காவுக்கும் வந்தது. தந்திரக் காட்சி என்ற வரியில் என் வீட்டுக்காரர் பெயர். காஜா பெராங்கே திரண்டு போய்ப் பார்த்துக் கைதட்டியது. பாப்பா போகவில்லை. நானும் போகவில்லை.

அவள் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ராவுத்தர் துணிக்கடை இருந்தது. தீபாவளிக்குக் கடைக் கண்ணாடிக்குள் ஏதாவது செய்து தருகிறேன் என்று இவளே போய்க் கேட்டாள். "செய்யுங்கம்மா, கூட்டம் வந்தாச் சரி" என்றார் ராவுத்தர். பொம்மை ஒன்று சேலைத் தலைப்பைத் தூக்கித் தோளில் போடும், கண்ணாடியில் தன்னைப் பார்க்கும், திருப்தியில்லாமல் மறுபடி எடுத்துப் போடும். தையல் மிஷின் மோட்டாரை எங்கே ஒளித்து வைத்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். வருஷா வருஷம் செய்தாள். ராவுத்தர் அண்ணனைக் கூட்டி வா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கடைசிவரை அவள் கைச்செலவு அதில்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து வாலிபர் சங்கத்துக்கு நினைவு மலர் போட்டார்கள். வாலிபர்கள் எல்லாம் கிழவர்கள் ஆகியிருந்தார்கள். பழைய செயலாளர் அச்சடிக்கப் போகும் பக்கத்தைக் காட்ட வீட்டுக்கு வந்தார். மெர்டேக்கா கண்காட்சியின் கோட்டையைப் பற்றி ஒரு பக்கம். மேலே கொட்டை எழுத்தில் என் வீட்டுக்காரர் பெயர். அதற்குக் கீழே சின்னதாக, "உதவி: அவருடைய தங்கை" என்று போட்டு அவள் பெயர்.

"இப்பல்லாம் பொம்பளைங்க பேரையும் போடறோம்மா" என்றார் பெருமையாக. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"நான் அண்ணனுக்கு எதுல உதவி பண்ணேன்?"

செயலாளர் சிரித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். அவ்வளவு வருஷம் கழித்தாவது அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் கதவோரம் நின்றேன். பேப்பர் புரளும் சத்தம்தான் கேட்டது.

"என் பேர அடிச்சிடுங்க" என்றாள் பாப்பா. "இந்த மாதிரி போடறதா இருந்தா இனிமே எங்கயும் என் பேரு வேணாம். அண்ணி, ஒங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்."

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சொன்ன சொல்லை மீற எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதியும் அவள் பெயரை எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் பெயரையும்தான் எழுதவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவள், பழக்கம் விடவில்லை என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். அந்தப் பழக்கமெல்லாம் எப்போதோ போயிற்று. ஆஸ்பத்திரியிலும் பாங்கிலும் கேட்டால் பளிச்சென்று சொல்கிறேன். அவர் பெயர் கோட்டைக்கு மேல் வந்தது, பருந்துக்கு மேல் வந்தது, மலரில் கொட்டை எழுத்தில் வந்தது. அவளைப் பற்றி நான் எழுதுகிற இடத்தில் அந்தப் பெயர் வராது.